இரவு ரயிலில் கைபேசி: பக்கத்து பெர்த்தின் தூக்கம் கெடாமல் பயணம் செய்ய முழுமையான வழிகாட்டி

பாண்டியன், நெல்லை, பொதிகை என்று தெற்கே போகும் இரவு ரயில்களில் ஏறும் பலருக்கு அந்த ஒரு ராத்திரிக்கு பெர்த்துதான் படுக்கையறை. காலையில் இறங்கி நேராக வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். மருத்துவமனைக்குப் போகிறவர்கள், துக்க வீட்டுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய ஆறேழு மணி நேரத் தூக்கத்தை எதிர் பெர்த்தில் ஓடும் ஒரு ரீல்ஸ் கெடுத்துவிட முடியும்.

சத்தமாகப் போன் பார்ப்பவர்கள் எல்லாரும் மரியாதை தெரியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. போனில் எந்தச் சத்தத்தை எங்கே அடக்குவது என்று தெரியாதவர்கள் உண்டு. காது மந்தமானதால் ஸ்பீக்கர் போடுகிறவர்கள் உண்டு. ஹெட்செட்டை வீட்டிலேயே விட்டு வந்தவர்களும் உண்டு. இந்தக் காரணங்களில் முக்கால்வாசியை ரயில் ஏறும் முன்பே சரிசெய்துவிடலாம். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியது. இன்னொருவர் சத்தம் போடும்போது என்ன செய்வது என்பது கடைசியில் வரும்.

போன் சத்தம் மட்டும் ஏன் இப்படிக் குத்துகிறது?

ரயில் சத்தத்தில் தூங்குகிறோம், குறட்டைக்கு நடுவிலும் தூங்குகிறோம். போன் ஸ்பீக்கர் வந்தால் மட்டும் முடிவதில்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. சக்கரத்தின் ஓசை கனமாக, ஒரே சீராக வருகிறது. மூளை கொஞ்ச நேரத்தில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். போனின் சின்ன ஸ்பீக்கரில் கனமான ஒலி வராது, கீச்சென்ற ஒலிதான் தூக்கலாக வரும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை. போன் ஸ்பீக்கரின் பலமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் 'கம்மியாத்தானே வச்சிருக்கேன்' என்பவரின் போன் மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்கிறது.

போன் பேச்சுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பேர் பேசுவதை முழுதாகக் கேட்பதைவிட, ஒருவர் பேசும் பாதியை மட்டும் கேட்பதுதான் கவனத்தை அதிகமாகக் கலைக்கிறது என்று அதில் தெரிந்தது. மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மூளை தன்னையறியாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. 'அப்புறம் அவன் என்ன சொன்னான்? அய்யோ! நிஜமாவா?' என்று ஒருவர் பேசினால், கேட்க விரும்பாதவரும் கேட்டே தீரவேண்டியிருக்கிறது.

ஏ.சி. பெட்டியில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். ஸ்லீப்பரில் ஜன்னல் வழியாக வரும் காற்றின் இரைச்சல் பல சத்தங்களை மூடிவிடும். ஏ.சி.யில் அது கிடையாது. அங்கே மெதுவான சத்தமும் தெளிவாகக் கேட்கும். திரைச்சீலை ஒலியை நிறுத்தாது.

படி 1: கிளம்பும் முன் போனைத் தயார் செய்யுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். வீட்டில் வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். ரயிலில் இருட்டில் தடவித் தடவிச் செய்தால்தான் எதையாவது அழுத்திச் சத்தம் வரும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, சைலண்ட் என்பது எல்லாவற்றையும் அமைதியாக்குவதில்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். சைலண்டில் போட்டால் ரிங்டோனும் நோட்டிஃபிகேஷனும் நிற்கும். ஆனால் வீடியோ, பாட்டு, கேம் இவற்றின் சத்தம் தனி. அலாரத்தின் சத்தமும் தனி. ஆண்ட்ராய்டு போனில் பக்கவாட்டு வால்யூம் பட்டனை அழுத்தி, திரையில் வரும் பட்டையை விரித்துப் பாருங்கள். மீடியா, அழைப்பு, ரிங், அலாரம் எனத் தனித்தனிப் பட்டைகள் தெரியும். மீடியாவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐபோனிலும் சைலண்டில் போட்டாலும் அலாரம் அடிக்கும், பாட்டும் ஓடும்.

அடுத்து செட்டிங்ஸில் ஒலிப் பகுதிக்குப் போய்ச் சில்லறைச் சத்தங்களை நிறுத்துங்கள். கீபோர்டு தட்டும்போது வரும் டிக் டிக், எண்களை அழுத்தும் ஒலி, சார்ஜர் செருகும் ஒலி, திரையைப் பூட்டும் ஒலி எல்லாம் அங்கே இருக்கும். பகலில் யாருக்கும் கேட்காத அந்த டிக் டிக், இரவு 11 மணிக்கு அரை மணி நேரம் சாட் செய்யும்போது கீழ் பெர்த்துக்காரருக்கு நன்றாகவே கேட்கும்.

ஃபேஸ்புக்கில் வீடியோக்கள் தானாகச் சத்தத்துடன் தொடங்குவதை நிறுத்த அதன் செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஊமையாக ஓடும் வீடியோவின்போது வால்யூம் பட்டனைத் தொட்டாலே சத்தம் உயிர்பெற்றுவிடும்.

இனி அவசர அழைப்பு. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சைலண்டில் போடமுடியாது' என்பது நியாயமான கவலை. அதற்குத்தான் 'டு நாட் டிஸ்டர்ப்' இருக்கிறது. அதில் குறிப்பிட்ட சிலரின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். திரும்பத் திரும்ப அழைப்பவரை அனுமதிக்கும் வசதியும் உண்டு. ஒரே எண்ணிலிருந்து ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் அது தடையைத் தாண்டி வரும். வீட்டில் இருப்பவர்களிடம் 'அவசரம்னா உடனே ரெண்டாவது தடவையும் அடிங்க' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் அந்த அழைப்பு வரும்போது முழு ரிங் அடிக்க வேண்டியதில்லை. ரிங் வால்யூமைக் குறைத்து, வைப்ரேட்டையும் சேர்த்துப் போட்டு, தலையணைக்கடியில் வைத்தால் போதும்.

படி 2: எந்த ஹெட்செட், எப்படி?

கம்பி ஹெட்செட் ஒன்றைப் பையின் முன் ஜிப்பில் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம். போனில் வட்டத் துளை இல்லையென்றால் டைப்-சி வகையாக வாங்குங்கள். புளூடூத் இயர்பட்ஸ் நல்லதுதான், ஆனால் சார்ஜ் தீர்வது பெரும்பாலும் நடுராத்திரியில்தான். தீர்ந்ததும் 'இந்த எபிசோடு முடியட்டுமே' என்று ஸ்பீக்கருக்குத் தாவத் தோன்றும். கம்பி ஹெட்செட் இருந்தால் அந்த எண்ணமே வராது.

புளூடூத் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் தேவை. வீடியோவைத் தொடும் முன் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள். காதில் இயர்பட்ஸ் இருந்தாலும் போனுடன் இணைந்திருக்கிறதா என்பது வேறு விஷயம். இணைப்பு விட்டிருந்தால் முழுப் பெட்டியும் உங்கள் பாட்டைக் கேட்கும், உங்களுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

ஸ்லீப்பர் பெட்டியின் இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். உலக சுகாதார அமைப்பு சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். காதுக்குள் ரப்பர் நுனியுடன் பொருந்தும் வகை வெளி இரைச்சலைத் தானே குறைக்கும் என்பதால் குறைந்த வால்யூமிலேயே தெளிவாகக் கேட்கும், வெளியேயும் கசியாது. கசிகிறதா என்று பார்க்க, ஓடும்போதே காதிலிருந்து கழற்றிக் கையை நீட்டிப் பிடியுங்கள். பாட்டின் வரி புரிகிறது என்றால் பக்கத்தில் இருப்பவருக்கும் புரியும்.

படி 3: ஏறியதிலிருந்து 10 மணி வரை

இந்த நேரத்தில் பெட்டி கலகலப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பது, 'நீங்க எந்த ஊரு?' என்று கேட்பது எல்லாம் ரயில் பயணத்தின் சந்தோஷம். நூலகம் மாதிரி அமைதி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் சீரியலோ கிரிக்கெட்டோ ஓடுவது இந்த நேரத்திலும் சரியில்லை என்பதே என் கருத்து. பேச்சில் மற்றவர்களும் சேர்ந்துகொள்ள முடியும், சேர விருப்பமில்லாதவர் திரும்பிக்கொள்ளவும் முடியும். ஸ்பீக்கர் அந்த இரண்டுக்கும் இடம் தருவதில்லை.

அழைப்பு வந்தால் செய்ய வேண்டியது எளிது. ஸ்பீக்கர் போடாமல் காதில் வைத்துப் பேசுங்கள். டவர் விட்டு விட்டு வரும் இடங்களில் 'ஹலோ! ஹலோ! கேக்குதா?' என்று குரல் தானாக ஏறும். சிக்னல் போன பிறகு எவ்வளவு கத்தினாலும் மறுமுனைக்கு ஒன்றும் போகாது. சிக்னல் இருந்தால் மெதுவான பேச்சையே போனின் மைக் தேவையான அளவுக்குத் தூக்கி அனுப்பிவிடும். 'டவர் கிடைக்கல, மெசேஜ் போடறேன்' என்று வைத்துவிடுவது நல்லது.

இரைச்சல் இருக்கும் இடத்தில் யாருக்கும் குரல் தன்னால் உயரும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-லேயே இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரிலேயே இன்றும் அதைச் சொல்கிறார்கள். இரண்டு காதிலும் இயர்பட்ஸ் போட்டுப் பேசும்போது இது இன்னும் மோசம், நம் குரலே நமக்குச் சரியாகக் கேட்காது. அதனால் பேசும்போது ஒரு காதைத் திறந்து வையுங்கள். குரல் தானாக இறங்கிவிடும்.

நீளமாகப் பேசியே ஆகவேண்டும் என்றால் எழுந்து பெட்டியின் கோடிக்கு, கை கழுவும் இடத்துக்கு அருகே போய்ப் பேசலாம். ஆனால் திறந்த கதவின் அருகே நின்று பேசவே கூடாது. ஒரு கையில் போன், கவனம் பேச்சில், ஓடும் ரயில். இதைவிட ஆபத்து வேறில்லை. கதவோரத்து பெர்த்துக்காரர்களும் தூங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

வங்கி எண், ஓ.டி.பி., வீட்டில் ஆள் இல்லை என்ற சேதி, இவற்றைப் பெட்டியில் பேசவேண்டாம். முழுப் பெட்டியும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வாய்ஸ் மெசேஜுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டு உடனே போனைக் காதில் வைத்தால், சத்தம் ஸ்பீக்கரை விட்டு அழைப்பு வரும்போது கேட்குமே, அந்தச் சின்னக் குழாய்க்கு மாறிவிடும். ஹெட்செட்டே தேவையில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை மட்டும் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படி 4: பெரியவர்களும் குழந்தைகளும்

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எழுபது வயதுத் தாத்தா ஸ்பீக்கரில் செய்தி கேட்கிறார் என்றால், பெரும்பாலும் அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஹெட்செட்டைக் கொடுத்தால் 'காதுல குத்துது' என்று எடுத்துப் போட்டுவிடுவார். காதுக்குள் நுழையும் வகைக்குப் பதிலாகத் தலையில் மாட்டும் பஞ்சு வைத்த ஹெட்போனை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். காது மெஷின் போட்டிருப்பவர்களில் பலருக்கு அதை மெஷினின் மேலேயே மாட்டிக்கொள்ள முடியும். புதிய மெஷின்கள் பலவற்றில் புளூடூத் உண்டு, போன் சத்தம் நேரே மெஷினுக்கே போகும். இந்த இணைப்பைச் செய்து பழக்கிவிடுவது வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் வேலை. ரயில் ஏறிய பிறகு 'அப்பா, சத்தத்தைக் குறைங்க' என்று நாலு பேர் முன் அதட்டுவது அவருக்கு அவமானமாகத்தான் இருக்கும்.

குழந்தைகளுக்கு கார்ட்டூனை முன்பே டவுன்லோடு செய்து, சத்தமில்லாமல் பார்க்க வீட்டிலேயே இரண்டு நாள் பழக்குங்கள். சின்னக் குழந்தைகளின் காதில் நீண்ட நேரம் ஹெட்செட் மாட்டிவைப்பது நல்லதல்ல. வண்ணம் தீட்டும் புத்தகம், ஸ்டிக்கர், கதை என்று எதையாவது கையில் எடுத்துப் போங்கள். குழந்தை அழுவது வேறு விஷயம். அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, யாரும் முகம் சுளிக்கவும் கூடாது.

படி 5: 10 மணிக்குப் பிறகு

மிடில் பெர்த்தை விரிக்கும் உரிமை இரவு 10 முதல் காலை 6 வரை என்பது ரயில்வே விதி. அமைதிக்கும் அதே நேரம்தான். 2022 ஜனவரியில் ரயில்வே அமைச்சகம் எல்லா மண்டலங்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. இரவில் சத்தமாகப் போனில் பேசக்கூடாது, சத்தமாகப் பாட்டுக் கேட்கக்கூடாது, குழுவாக வருபவர்கள் 10 மணிக்கு மேல் உரக்கப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, இரவு விளக்கு தவிர மற்ற விளக்குகள் அணைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். புகார் வந்தும் கண்டுகொள்ளாமல் விட்டால் ரயிலில் இருக்கும் ஊழியர்களே பொறுப்பு என்றும் சொன்னார்கள்.

இந்த நேரத்தில் வீடியோ கால் வேண்டவே வேண்டாம். சத்தம் ஒரு பக்கம், தூங்கிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத பெண்களும் குழந்தைகளும் உங்கள் கேமராவில் விழுவது இன்னொரு பக்கம். மைக்கில் பேசிக்கொண்டே விளையாடும் கேமும் கூடாது. போனை ஜன்னலோரப் பலகையில் வைப்ரேட்டில் வைத்தால் பலகை முழுக்க அதிரும். துண்டின் மேலோ தலையணைக்கடியிலோ வையுங்கள்.

படி 6: நடுராத்திரியில் இறங்குபவர்களுக்கு

மூன்று மணிக்குத் திண்டுக்கல்லில் இறங்க வேண்டியவருக்கு அலாரம் வைக்காமல் வேறு வழியில்லை. ஆனால் அப்பர் பெர்த்தில் அடிக்கும் ஓர் அலாரம் எட்டுப் பேரையும் எழுப்பிவிட்டு, வைத்தவரை மட்டும் கடைசியில் எழுப்புவதை இரவு ரயிலில் போகிற எல்லாரும் பார்த்திருப்போம்.

இதற்கு மிகச் சிறந்த வழி கையில் கட்டும் ஸ்மார்ட் பேண்ட். விலை குறைந்தவற்றிலும் அதிர்வு அலாரம் இருக்கும், மணிக்கட்டில் அதிர்ந்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பேண்ட் இல்லையென்றால் போன் அலாரத்தின் ஒலியை 'ஒன்றுமில்லை' என்று மாற்றி, அதிர்வை மட்டும் வைத்து, சட்டைப் பையிலோ கைக்குள்ளோ வைத்துத் தூங்குங்கள். இதை வீட்டில் ஒருநாள் சோதித்துப் பார்த்துவிடுங்கள். சிலருக்கு அதிர்வு மட்டும் போதாது. அவர்கள் ஒரு காதில் மட்டும் கம்பி ஹெட்செட் மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும், ஆனால் பல போன்களில் ஹெட்செட் மாட்டியிருந்தாலும் அலாரம் ஸ்பீக்கரிலும் சேர்ந்தே அடிக்கும். அப்படிப்பட்டவர்கள் அலார ஒலியை மிகக் குறைவாக வைத்து, போனைத் தலையணைக்கடியில் காதோரமாக வைப்பதே மேல்.

ஸ்னூஸ் வேண்டாம். ஐந்து நிமிட இடைவெளியில் நாலு அலாரமும் வேண்டாம். ரயில் தாமதம் என்றால் நேரம் பார்த்து வைத்த அலாரம் வீணாக அடிக்கும். 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலியில் ஊர் நெருங்கும்போது எழுப்பும் அலாரம் இருக்கிறது. அது டவரை வைத்தே இடத்தைக் கண்டுகொள்ளும். ரயில்வேயின் உதவி எண்ணான 139-இல் அழைத்து, இறங்கும் ஊர் வரும் முன் எழுப்பும் அழைப்பைக் கேட்டு வாங்கும் வசதியும் உண்டு. ஆனால் அதுவும் போன் அடித்துத்தான் எழுப்பும், ஆகவே அதிர்வு ஏற்பாடு அங்கேயும் தேவை.

எழுந்ததும் பேசவேண்டாம். அழைத்துப் போக வருபவருக்கு மெசேஜ் போதும். பையை முந்தைய இரவே கட்டிவைத்தால் டார்ச் அடிக்கும் வேலையும் மிச்சம்.

காலை ஐந்தரைக்கு சுப்ரபாதமோ வேறு பக்திப் பாடலோ ஸ்பீக்கரில் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் 6 மணி வரை அதையும் ஹெட்செட்டில்தான் கேட்கவேண்டும், 6-க்குப் பிறகும் அப்படிக் கேட்பதே நல்லது.

படி 7: அடுத்தவர் சத்தம் போட்டால்

முதலில் நேராகக் கேளுங்கள். படுத்த இடத்திலிருந்தே 'யாருப்பா அது?' என்று குரல் கொடுக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எல்லார் முன்னிலையிலும் அவர் விட்டுக்கொடுக்க முடியாத நிலைக்குத் தள்ளப்படுவார். எழுந்து பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசுங்கள். 'அண்ணா, கொஞ்சம் ஹெட்செட்ல கேக்கறீங்களா? தூங்க முடியல.' இளைஞர் என்றால் 'தம்பி', பெரியவர் என்றால் 'ஐயா', 'அம்மா'. காரணத்தை ஒரே வரியில் சொன்னால் போதும். 'உங்களுக்கு அறிவில்லையா' என்ற தொனி குரலில் வந்துவிட்டால் அதற்கப்புறம் பேச்சு சத்தத்தைப் பற்றி இருக்காது, கௌரவத்தைப் பற்றி ஆகிவிடும். அவரிடம் ஹெட்செட் இல்லையென்றால், உங்களிடம் இன்னொன்று இருந்தால் கொடுங்கள்.

உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் 'சரிங்க' என்று சொல்லிக் குறைத்துவிடுங்கள். விளக்கம் எதுவும் தேவையில்லை.

குடித்திருப்பவர்கள், கும்பலாக இருப்பவர்கள், தனியாகப் பயணிக்கும் பெண்ணுக்குப் பயம் தரும் மாதிரி நடந்துகொள்பவர்கள், இவர்களிடம் நேரே போய்க் கேட்கவேண்டாம். டி.டி.ஆரைத் தேடுங்கள். ஏ.சி. பெட்டியில் உதவியாளரிடம் சொல்லலாம். ரயில்வே பாதுகாப்புப் படையினர் ரோந்து வரும் வண்டி என்றால் அவர்களிடம் சொல்லலாம். யாரும் கண்ணில் படவில்லையென்றால் 139-ஐ அழையுங்கள், அல்லது 'ரயில் மதத்' செயலியில் பதிவு செய்யுங்கள். பி.என்.ஆர். எண், பெட்டி எண், எந்த பெர்த்திலிருந்து சத்தம், எப்போதிலிருந்து, இவ்வளவும் முதல் மெசேஜிலேயே இருந்தால் சீக்கிரம் ஆள் வருவார். ரயில்வே சட்டம் 1989-இன் 145-ஆம் பிரிவின்படி சக பயணிகளுக்குத் தொல்லை கொடுப்பவரைப் பெட்டியிலிருந்து வெளியேற்றலாம், 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. இதை வாக்குவாதத்தில் மிரட்டலாக எடுத்து வீசவேண்டாம். புகாரில் எழுதினால் போதும்.

அவரை வீடியோ எடுத்து இணையத்தில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அன்றைய தூக்கம் அதனால் திரும்பாது. அவர் முகம் மட்டும் ஊரெல்லாம் சுற்றும்.

பேருந்தில் போகிறவர்களுக்கு

மேலே சொன்னது கிட்டத்தட்ட எல்லாமே இரவுப் பேருந்துக்கும் பொருந்தும். ஒரு வித்தியாசம், அங்கே ஓட்டுநரும் உங்களுடன் அதே கூரைக்குக் கீழே இருக்கிறார். முன் இருக்கைகளில் ஓடும் ஸ்பீக்கர் சத்தம் அவர் கவனத்தையும் கலைக்கும். கர்நாடகத்தில் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மனுவைத் தொடர்ந்து 2021 நவம்பரில் அரசுப் பேருந்துகளில் போனைச் சத்தமாக ஒலிக்கவிடத் தடை வந்தது. சொல்லியும் கேட்காதவரை இறக்கிவிடலாம், இறங்கும் வரை வண்டியை நிறுத்தி வைக்கலாம் என்ற அளவுக்கு அதில் இடம் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பேருந்தில் முதலில் நடத்துநரிடம் சொல்லுங்கள். நடத்துநர் இல்லாத ஆம்னி பஸ் என்றால், வண்டி அடுத்து டீக்கு நிற்கும்போது இறங்கிப் போய்ச் சொல்லுங்கள். ஓடும் வண்டியில் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.